2012 ஒலிம்பிக் காலத்தில் இலண்டன் போக்குவரத்து

2012 ஒலிம்பிக் காலத்தில் இலண்டன் போக்குவரத்து என்பது, 2012 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 12 வரை நடந்த கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளுக்கும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 9 வரை நடந்த பாராலிம்பிக் போட்டிகளுக்கும் இலண்டன் மாநகரில் செய்யப்பட்ட பயண ஏற்பாடுகளைக் குறிக்கும். பார்வையாளர் அனைவரும் பொதுப் போக்குவரத்திலோ, நடந்தோ, மிதிவண்டியிலோ வரவேண்டும் என்பது இதன் அடிப்படைக் கொள்கை. மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களைத் தவிர அரங்குகளில் பார்வையாளர் வாகன நிறுத்தம் வழங்கப்படவில்லை.

இதற்காகப் புதிய தொடருந்துப் பாதைகளும் நடைமேடைகளும் அமைக்கப்பட்டன. இருப்பினும் அன்றாடம் வேலைக்குச் செல்லும் இலண்டன்வாசிகளில் ஒரு பகுதியினர் தம் பயண நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டிராவிட்டால் இந்த ஏற்பாடு நடைமுறையில் நின்றிருக்காது என்பதைத் திட்டமிட்டவர்களே தொடக்கத்திலிருந்து அறிந்திருந்தனர். பெரும் விளையாட்டு விழாக்களை நடத்தும் நகரங்கள் இலண்டனை ஒரு முன்மாதிரியாகப் பார்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அதே வேளையில், நகர மையத்துக் கடைக்காரர்கள், வாடகைக்கார் ஓட்டுநர்கள், மிதிவண்டிப் பயணிகள் போன்றோர் இந்த ஏற்பாட்டின் சுமையைத் தாங்க நேர்ந்தது.

பின்னணி

முந்தைய நகரங்களின் அனுபவம்

ஒலிம்பிக் போன்ற விழாவில் இரு வகைப் பயணங்கள் ஒரே வழியில் மோதுகின்றன. ஒன்று, விழாவுக்காக வரும் பயணம். மற்றொன்று, விழா இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகரில் நாள்தோறும் நடக்கும் பயணம். பின்னதைப் போக்குவரத்துத் திட்டமிடுவோர் பின்னணிப் பயணம் என்பர். இவ்விரண்டையும் சமன் செய்வதில் ஒவ்வொரு நகரமும் வேறுபட்ட வழியை நாடியது.

1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெரும் வாகன நெரிசல் ஏற்படும் என்ற அச்சம் நிலவியது. அலுவலக நேரங்களைப் பிரித்து வைத்ததும், சரக்குந்துகளின் பகல்நேர ஓட்டத்தைக் குறைத்ததும் சேர்ந்து, போட்டி நாட்களில் நெடுஞ்சாலைகள் எதிர்பார்த்ததைவிடச் சீராக இயங்கின. 1996இல் அட்லாண்டாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. வெளியூர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட பேருந்து ஓட்டுநர்களுக்கு நகரின் வழிகள் தெரியவில்லை. விளையாட்டு வீரர்களும் செய்தியாளர்களும் சென்ற பேருந்துகள் வழிதவறின, தாமதமாயின. அந்தப் போட்டிகள் பற்றிய உலகச் செய்திகளில் போக்குவரத்துக் குளறுபடி முக்கிய இடம் பிடித்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி நகரம் ஒலிம்பிக் சாலை, போக்குவரத்துக்கென்று தனி அமைப்பை உருவாக்கியது. போட்டி நுழைவுச்சீட்டிலேயே பொதுப் போக்குவரத்துப் பயணத்தையும் சேர்த்து வழங்கியது. ஒலிம்பிக் பூங்காவுக்குள் 1998இல் திறக்கப்பட்ட தொடருந்து நிலையம், ஆண்டுதோறும் நடக்கும் ஈஸ்டர் கண்காட்சிக் கூட்டத்தைக் கொண்டு முன்கூட்டியே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2008இல் பெய்ஜிங் நகரம் சட்டத்தின் வழியே தீர்வு கண்டது. ஜூலை 20 முதல் இரண்டு மாதங்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பதிவெண் கொண்ட கார்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே சாலைக்கு வர அனுமதிக்கப்பட்டன. 2010இல் தில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுகளின்போது போட்டி வாகனங்களுக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டு, அதில் நுழைவோருக்கு 2000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது.

இலண்டன் திட்டமிட்டவர்கள் சிட்னியின் முறையைப் பெரிதும் பின்பற்றினர். அட்லாண்டாவைத் தவிர்க்கவேண்டிய எடுத்துக்காட்டாகக் கொண்டனர்.

இலண்டனைப் பற்றிய ஐயங்கள்

இலண்டன் சுரங்கத் தொடருந்து 1863இல் தொடங்கிய உலகின் முதல் சுரங்கத் தொடருந்துச் சேவையாகும். அதன் பழைமையே ஒரு குறையாகவும் கருதப்பட்டது. 2004இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு வெளியிட்ட முதற்கட்ட மதிப்பீட்டில், இலண்டனின் தொடருந்து வசதிகள் பல இடங்களில் காலாவதியானவை என்றும், பெரும் முதலீடு தேவை என்றும் குறிப்பிடப்பட்டது. அந்தக் கட்டத்தில் பாரிஸ், மத்ரித் நகரங்களுக்குப் பின்னாலேயே இலண்டன் இருந்தது.

2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் நடந்த கூட்டத்தில் இலண்டன் தேர்வானது. மறுநாள் காலை மூன்று சுரங்கத் தொடருந்துகளிலும் ஒரு பேருந்திலும் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 52 பேர் கொல்லப்பட்டனர். இதனால் நெரிசலோடு பாதுகாப்பும் தொடக்கத்திலிருந்தே போக்குவரத்துத் திட்டத்தின் பகுதியாயிற்று.

போட்டி ஆண்டிலும் ஐயங்கள் நீங்கவில்லை. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் முக்கிய வழியில் உள்ள ஹாமர்ஸ்மித் மேம்பாலம், உள்ளிருக்கும் இழுவிசைக் கம்பிகள் துருப்பிடித்ததால் 2011 டிசம்பரில் மூடப்பட்டு, அவசரப் பழுதுபார்ப்புக்குப் பின் திறக்கப்பட்டது. 2012 ஜூன் மாதத் தொடக்கத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் செல்லும் சென்ட்ரல் தடத்தின் சுரங்கத்துக்குள் நீர் புகுந்தது. போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்த ஜூலையில், எம்4 நெடுஞ்சாலையின் போஸ்டன் மேனர் பாலத்தில் விரிசல் காணப்பட்டு அது சில நாட்கள் மூடப்பட்டது.

நிர்வாக அமைப்பு

2006இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒலிம்பிக் சட்டம், அரங்குகளைக் கட்டும் பொறுப்போடு போக்குவரத்துத் திட்டம் தீட்டும் பொறுப்பையும் ஒலிம்பிக் கட்டுமான ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஒலிம்பிக் போக்குவரத்துத் திட்டத்தின் முதல் வடிவம் 2007இலும், திருத்திய வடிவம் 2011இலும் வெளிவந்தன. சுரங்கத் தொடருந்து, பேருந்து, முக்கியச் சாலைகள் ஆகியவற்றை நிர்வகிக்கும் டிரான்ஸ்போர்ட் பார் இலண்டன் என்னும் நகர அமைப்பு, சுருக்கமாக டி.எப்.எல்., நாள்தோறும் அவற்றை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அப்போது அதன் ஆணையராக இருந்தவர் பீட்டர் ஹென்டி.

தொடருந்து நிறுவனங்கள், காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போட்டி அமைப்பாளர்கள் எனப் பல தரப்பினர் இதில் பங்கேற்றனர். ஒரு தடத்தில் ஏற்படும் கோளாறு மற்றொரு தடத்தில் கூட்டமாக மாறும் என்பதால், தகவல்களை ஒரே இடத்தில் திரட்டுவதற்கென ஒருங்கிணைப்பு மையம் ஒன்று இயங்கியது.

உள்கட்டமைப்பு

கிழக்கு இலண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதி ஒலிம்பிக் பூங்காவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, அங்கு ஏற்கெனவே பல தொடருந்துத் தடங்கள் கூடியிருந்ததும் ஒரு காரணம். பூங்காவின் பெரும்பகுதி நியூஹாம் வட்டாரத்தில் அமைந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பகுதிகளும் இதே வட்டாரத்தைச் சேர்ந்தவை. போட்டிகளையொட்டி இலண்டன் போக்குவரத்தில் செய்யப்பட்ட முதலீடு மொத்தம் சுமார் 650 கோடி பவுண்டு எனக் கூறப்பட்டது. இவற்றுள் பல, ஒலிம்பிக் வராவிட்டாலும் நகருக்குத் தேவைப்பட்டவை. போட்டி நாள் என்ற தள்ளிப்போட முடியாத கெடு அவற்றை விரைவுபடுத்தியது.

முக்கிய மேம்பாடுகள்:

- ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையம்: கூடுதல் நடைமேடைகள், அகலமான சுரங்க நடைபாதைகள், மின்தூக்கிகள் அமைக்கப்பட்டன.
- ஜூபிலி தடம்: புதிய சிக்னல் முறையால் நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ஆக இருந்த தொடருந்துகளை 30 வரை இயக்க முடிந்தது.
- டாக்லாண்ட்ஸ் இலகு தொடருந்து: இரண்டு பெட்டித் தொகுதிகளுக்குப் பதில் மூன்று இணைக்கப்பட்டன. 2009இல் வுல்விச் ஆர்செனல் வரையிலும், 2011 ஆகஸ்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல் வரையிலும் பாதை நீட்டிக்கப்பட்டது.
- ஓவர்கிரவுண்ட்: கிழக்கு இலண்டன் தடம் 2010இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. நகர மையத்துக்குள் நுழையாமல் சுற்றிச்செல்ல இது உதவியது.
- ஜாவலின் அதிவேகத் தொடருந்து: செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனலுக்கு சுமார் 7 நிமிடங்களில் சென்றது. ஈட்டியின் பெயரால் அழைக்கப்பட்ட இவ்வண்டிகள் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் தயாரித்தவை.
- தேம்ஸ் ஆற்றுக் கம்பிவட ஊர்தி: கிரீனிச் தீபகற்பத்தையும் ராயல் டாக்ஸ் பகுதியையும் இணைத்து 2012 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது.

பல நிலையங்கள் தேவைப்பட்டதற்கான காரணம் ஓர் எளிய கணக்கில் விளங்கும். ஒலிம்பிக் அரங்கில் 80,000 பேர் அமரலாம். ஒரு சுரங்கத் தொடருந்தில் சுமார் 900 பேர் ஏறலாம் என்று கொண்டால், மணிக்கு 30 வண்டிகள் சுமார் 27,000 பேரை ஏற்றிச் செல்லும். எல்லோரும் ஒரே தடத்தை நாடினால், வேறு பயணி எவரும் இல்லாவிட்டாலும், அரங்கு காலியாக மூன்று மணி நேரம் ஆகும். மேலும், நடைமுறையில் வண்டியைவிட நிலையமே விரைவில் நிரம்பிவிடும். நகரும் படிக்கட்டு, நுழைவாயில், நடைமேடையின் அகலம் ஆகியவையே ஒரு நிலையம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முடிவு செய்கின்றன. எனவே ஸ்ட்ராட்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல், வெஸ்ட் ஹாம் ஆகிய நிலையங்களுக்குக் கூட்டம் பிரித்து அனுப்பப்பட்டது. வெஸ்ட் ஹாமிலிருந்து பூங்காவுக்கு நடந்துசெல்லத் தனிப்பாதை இருந்தது.

பார்வையாளர் பயண ஏற்பாடுகள்

இரு போட்டிகளுக்கும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகின. இலண்டனில் நடந்த போட்டிக்கு நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு, அன்றைய நாள் முழுவதும் நகரின் 1 முதல் 9 வரையிலான மண்டலங்களில் பயணம் செய்யும் பயண அட்டை கூடுதல் கட்டணமின்றி வழங்கப்பட்டது. பார்வையாளர் பயணச்சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது இதனால் கிடைத்த நேரடிப் பயன். கார் எடுத்து வருவதற்கான காரணமும் குறைந்தது.

ஒவ்வோர் அரங்குக்கும் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அவற்றுள் சில:

- ஒலிம்பிக் பூங்கா: ஸ்ட்ராட்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல், வெஸ்ட் ஹாம்
- எக்செல் வளாகம் (குத்துச்சண்டை, பளுதூக்குதல், மற்போர் முதலியன): கஸ்டம் ஹவுஸ், பிரின்ஸ் ரீஜண்ட்
- நார்த் கிரீனிச் அரங்கு (சீருடற்பயிற்சி): நார்த் கிரீனிச்
- கிரீனிச் பூங்கா (குதிரையேற்றம்): கிரீனிச், பிளாக்ஹீத், மேஸ் ஹில்
- விம்பிள்டன் (டென்னிஸ்): சவுத்ஃபீல்ட்ஸ், விம்பிள்டன்
- வுல்விச் பீரங்கிப்படைக் குடியிருப்பு (துப்பாக்கி சுடுதல்): வுல்விச் ஆர்செனல்

வழிகாட்டிப் பலகைகள் அனைத்தும் அடர்ந்த இளஞ்சிவப்பு நிறத்தில் அமைந்தன. இலண்டன் நிலையங்களில் வழக்கமாகக் காணப்படாத நிறம் என்பதால், ஆங்கிலம் அறியாதவரும் அந்த நிறத்தைப் பின்தொடர்ந்தே அரங்கை அடைய முடிந்தது. அதே நிற மேலங்கி அணிந்த உதவியாளர்கள் நிலையங்களில் நின்றனர். அரங்குகளின் அருகில் ஒலிம்பிக் தன்னார்வலர்கள் வழிகாட்டினர். மொத்தத் தன்னார்வலர்களின் எண்ணிக்கை சுமார் 70,000.

பல நிலையங்களில் நுழைவதற்கு ஒரு வழி, வெளியேறுவதற்கு வேறு வழி என ஒருவழி நடை ஏற்பாடு செய்யப்பட்டது. நடைமேடையில் கூட்டம் அளவு மீறும்போது, மக்கள் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிறுத்தப்பட்டுப் பகுதி பகுதியாக உள்ளே விடப்பட்டனர். ஒலிம்பிக் பூங்காவுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்துக்கும் இடையில் 2011 செப்டம்பரில் திறக்கப்பட்ட பெரிய வணிக வளாகமும் கூட்டம் ஒரே நேரத்தில் நிலையத்தை வந்தடையாமல் தடுத்தது. போட்டி முடிந்ததும் பலர் அங்கே தங்கி உணவருந்தியதால் நெரிசல் பல மணி நேரத்துக்குப் பரவியது. இரவுப் போட்டிகள் முடிந்து திரும்புவோருக்காகச் சுரங்கத் தொடருந்துச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீட்டிக்கப்பட்டது.

ஒலிம்பிக் சாலை வலையமைப்பு

வீரர்கள், நடுவர்கள், அலுவலர்கள், செய்தியாளர்கள், விளம்பரதாரர்கள் ஆகியோர் சாலை வழியே அழைத்துச் செல்லப்பட்டனர். வீரர்கள் குறித்த நேரத்தில் அரங்கை அடைய வேண்டும் என்பது போட்டியை நடத்தும் நகரம் அளிக்கும் உறுதிமொழி. இதற்காக இலண்டனில் சுமார் 175 கிலோமீட்டர் நீளச் சாலைகள் ஒலிம்பிக் சாலை வலையமைப்பாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் சுமார் 48 கிலோமீட்டரில் மட்டும் ஒலிம்பிக் வாகனங்களுக்கென ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. இத்தடங்கள் ஜூலை 25 முதல் காலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை செயல்பட்டன. அனுமதியின்றி நுழைந்தவர்களுக்கு 130 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

தடம் ஒதுக்கியதோடு, சில சந்திப்புகளில் வலப்புறம் திரும்புவது தடை செய்யப்பட்டது. சாலையோர வாகன நிறுத்தங்களும் சில பாதசாரிக் கடவைகளும் தற்காலிகமாக நீக்கப்பட்டன. சிக்னல் விளக்குகளின் நேரமும் மாற்றியமைக்கப்பட்டது.

இலண்டன்வாசிகள் இத்தடங்களை 'சில்' தடங்கள் என்று கேலியாக அழைத்தனர். சோவியத் ஒன்றியத் தலைவர்கள் சென்ற சில் கார்களுக்கென மாஸ்கோவில் தனித்தடம் விடப்பட்டதை இப்பெயர் குறிக்கிறது. வீரர்களோடு விளம்பரதாரர்களும் இத்தடங்களைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டதே இக்கேலியின் மையம். கறுப்பு வாடகைக்கார் ஓட்டுநர்கள் தங்களை அனுமதிக்காததை எதிர்த்து ஜூலையில் நகர மையத்தில் போராட்டம் நடத்தினர். அவர்கள் வலையமைப்புச் சாலைகளில் செல்லலாம். ஒதுக்கப்பட்ட தடத்துக்குள் செல்லக்கூடாது என்பது விதி.

நடைமுறையில் போட்டி வாகனங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்த நேரங்களில், மின்னணு அறிவிப்புப் பலகைகள் மூலம் இத்தடங்கள் எல்லா வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. ஒதுக்கிய தடத்தைத் தேவையில்லாதபோது திருப்பிக் கொடுத்ததால் தொடக்கத்தில் இருந்த எதிர்ப்பு ஓரளவு தணிந்தது.

மிதிவண்டிச் சாலைப் பந்தயங்களும் மாரத்தான் ஓட்டங்களும் நடந்த நாட்களில் வேறு சாலைகளும் மூடப்பட்டன. மிதிவண்டிப் பந்தயங்கள் ஜூலை 28, 29 ஆகிய நாட்களிலும், மாரத்தான் ஓட்டங்கள் ஆகஸ்ட் 5, 12 ஆகிய நாட்களிலும் நடந்தன. நான்கும் சனி, ஞாயிறுகளில் அமைந்ததால் அலுவலகப் பயணம் குறைவாகவே பாதிக்கப்பட்டது.

நகரவாசிகளின் பயணத்தை மாற்றுதல்

திட்டத்தின் மிகக் கடினமான பகுதி, சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாத பகுதியாகவும் இருந்தது. இலண்டனின் மக்கள்தொகை அப்போது சுமார் 82 இலட்சம். காலை, மாலை நெரிசல் நேரங்களில் பல தடங்கள் சாதாரண நாளிலேயே நிரம்பி ஓடின. பெய்ஜிங்கைப் போல ஆணை பிறப்பித்து வாகனங்களை நிறுத்தும் வழியை இலண்டன் நாடவில்லை. ஆகவே டி.எப்.எல். மக்களைக் கேட்டுக்கொள்ளும் பரப்புரையை மேற்கொண்டது. அதன் அறிவுரைகள் நான்கு:

- பயணத்தைக் குறைத்தல்: வீட்டிலிருந்து வேலை செய்தல், விடுப்பு எடுத்தல்
- நேரத்தை மாற்றுதல்: முன்னதாகவோ பின்னதாகவோ புறப்படுதல்
- வழியை மாற்றுதல்: இலண்டன் பிரிட்ஜ், பேங்க் போன்ற நெரிசல் நிலையங்களைத் தவிர்த்தல்
- முறையை மாற்றுதல்: கடைசி ஒன்றிரண்டு நிறுத்தங்களை நடந்தோ மிதிவண்டியிலோ கடத்தல்

எந்த நிலையத்தில், எந்த நாளில், எந்த அரைமணி நேரத்தில் எவ்வளவு காத்திருக்க நேரும் என்ற கணிப்பு வெளியிடப்பட்டது. பொதுவாகக் கூட்டம் இருக்கும் என்று எச்சரிப்பதைவிட, மாலை 5.30க்குப் பதில் 6.30க்குப் புறப்பட்டால் காத்திருப்பு குறையும் என்று சொல்வது பயணிக்கு உதவியது. பெரிய நிறுவனங்களுக்கு நேரடியாக ஆலோசகர்கள் அனுப்பப்பட்டனர். அரசு அலுவலகங்கள் பணியாளர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய ஊக்குவித்தன.

சரக்குப் போக்குவரத்தும் இதில் அடங்கியது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பொருள்கள் இரவில் கொண்டுவந்து இறக்கப்பட்டன. குடியிருப்போரின் உறக்கம் கெடாமலிருக்க, இயந்திரத்தை அணைத்துவைத்தல், தள்ளுவண்டிகளைச் சத்தமின்றி நகர்த்துதல் போன்ற நடைமுறைகள் வகுக்கப்பட்டன. பல கடைகள் பீர், பதப்படுத்திய உணவு போன்றவற்றை முன்கூட்டியே இருப்பு வைத்தன.

அன்றைய நகரத் தந்தை போரிஸ் ஜான்சனின் பதிவு செய்த குரலில் எச்சரிக்கை அறிவிப்புகள் நிலையங்களில் ஒலிபரப்பப்பட்டன. போட்டி நாட்களில் சராசரியாக இலண்டன்வாசிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் தம் பயணத்தை மாற்றிக்கொண்டனர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

போட்டி நாட்கள்

ஒலிம்பிக் நடந்த நாட்களில் சுரங்கத் தொடருந்தில் சுமார் 6 கோடியே 20 இலட்சம் பயணங்கள் பதிவாயின. இது வழக்கமான அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆகஸ்ட் முதல் பாதியில் ஒரே நாளில் சுமார் 45 இலட்சம் பயணங்கள் நடந்து, அதுவரை இருந்த சாதனைகள் முறியடிக்கப்பட்டன. கிழக்கு இலண்டன் அரங்குகளை இணைத்த டாக்லாண்ட்ஸ் இலகு தொடருந்தின் பயணங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. கோளாறுகள் நடக்காமல் இல்லை. சென்ட்ரல், ஜூபிலி தடங்களில் அவ்வப்போது தாமதங்கள் ஏற்பட்டன. ஆனால் ஒரு தடம் நின்றபோது ஸ்ட்ராட்ஃபோர்டை அடைய வேறு தடங்கள் இருந்தன.

விமானப் பயணிகளைப் பொறுத்தவரை, வீரர்கள் வந்திறங்கிய நாட்களைவிடத் திரும்பிய நாளே ஹீத்ரோவுக்குப் பெரும் சவாலாக இருந்தது. வருகை பல நாட்களுக்குப் பரவியிருந்தது. நிறைவு விழாவுக்கு மறுநாளான ஆகஸ்ட் 13 அன்று ஆயிரக்கணக்கானோர் பெரிய பைகளோடும், படகுத் துடுப்பு, ஈட்டி போன்ற கருவிகளோடும் ஒருசேரப் புறப்பட்டனர். இதற்கென ஒரு தற்காலிக முனையம் ஹீத்ரோவில் அமைக்கப்பட்டுச் சில நாட்களுக்கு மட்டும் இயங்கியது.

பாராலிம்பிக் போட்டிகளும் அணுகல் வசதியும்

பாராலிம்பிக் போட்டிகள் நடந்தபோது சூழ்நிலை வேறாக இருந்தது. பார்வையாளர் எண்ணிக்கை குறைவு. ஆனால் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்து, நகரவாசிகள் வேலைக்குத் திரும்பியிருந்தனர். ஒதுக்கப்பட்ட சாலை வலையமைப்பு சுருக்கப்பட்டது.

சுரங்கத் தொடருந்தின் பழைமை மாற்றுத்திறனாளிகளுக்கு மிகப்பெரிய தடையாக இருந்தது. சுமார் 270 நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அளவிலேயே படி ஏறாமல் சாலையிலிருந்து நடைமேடையை அடைய முடிந்தது. நடைமேடையை அடைந்த பின்னும் அதற்கும் பெட்டிக்கும் இடையே உயர வேறுபாடு இருந்தது. போட்டிகளுக்கு முன் கிங்ஸ் கிராஸ், கிரீன் பார்க் போன்ற நிலையங்களில் மின்தூக்கிகள் அமைக்கப்பட்டன. சில நிலையங்களில் பணியாளர்கள் கையால் எடுத்து வைக்கும் சாய்வுப் பலகைகள் அறிமுகமாயின. டாக்லாண்ட்ஸ் இலகு தொடருந்து நிலையங்கள் அனைத்திலும், ஜூபிலி தடத்தின் கிழக்கு நீட்டிப்பிலும் படியற்ற வசதி ஏற்கெனவே இருந்தது. தாழ்தளப் பேருந்துகளிலும் கறுப்பு வாடகைக்கார்களிலும் சக்கர நாற்காலியோடு ஏற முடிந்தது. இருப்பினும், ஒலிம்பிக்குக்காகச் செலவிடப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் நிலையங்களின் அணுகல் வசதி போதிய அளவு முன்னேறவில்லை என மாற்றுத்திறனாளர் அமைப்புகள் குறை கூறின.

விமர்சனங்கள்

பயணத்தைத் தவிர்க்கச் சொன்ன பரப்புரை அளவுக்கு மீறி வெற்றி பெற்றது என்பது முதன்மையான விமர்சனம். முதல் வாரத்தில் வெஸ்ட் எண்ட் எனப்படும் கடைவீதி, நாடக அரங்கப் பகுதி வெறிச்சோடியது. வழக்கமாக வரும் சுற்றுலாப் பயணிகள் நெரிசலுக்கு அஞ்சி ஒதுங்கினர். ஒலிம்பிக் பார்வையாளர்கள் அரங்குகளுக்கு நேராகச் சென்று திரும்பினர். வணிகர்களின் முறையீட்டுக்குப் பின் நகரத் தந்தையின் குரல் அறிவிப்புகள் குறைக்கப்பட்டன. வாடகைக்கார் ஓட்டுநர்கள் வருமானம் குறைந்ததாகக் கூறினர்.

கூடுதல் வேலைப்பளுவுக்கு ஊக்கத்தொகை கோரிப் பேருந்து ஓட்டுநர்கள் ஜூன் 22 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். சுரங்கத் தொடருந்து ஊழியர்களுக்கு முன்னரே ஊக்கத்தொகை உறுதியாகியிருந்தது. போட்டிகள் தொடங்குமுன் பேருந்து ஊழியர்களோடும் 577 பவுண்டு ஊக்கத்தொகைக்கு உடன்பாடு எட்டப்பட்டது.

மிதிவண்டிப் பயணிகளின் நிலை மற்றொரு விவாதத்தை எழுப்பியது. நடந்தும் மிதிவண்டியிலும் வருமாறு மக்களை அழைத்த அதே வேளையில், பூங்காவை ஒட்டிய லீ ஆற்றங்கரைப் பாதை பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று இரவு, ஒலிம்பிக் பூங்காவுக்கு அருகே செய்தியாளர்களை ஏற்றிச் சென்ற பேருந்து மோதி மிதிவண்டியில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். அன்று பகலில்தான் பிராட்லி விக்கின்ஸ் மிதிவண்டி நேரப் பந்தயத்தில் பிரித்தானியாவுக்குத் தங்கம் வென்றிருந்தார். கிழக்கு இலண்டனின் பெரிய சந்திப்புகள் மிதிவண்டிக்குப் பாதுகாப்பற்றவை என்ற நீண்டநாள் முறையீடு இதனால் மீண்டும் எழுந்தது.

பின்விளைவுகள்

இரண்டு வாரங்களுக்காக மக்கள் மாற்றிக்கொண்ட பயணப் பழக்கத்தில் பெரும்பகுதி போட்டிக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பியது. கட்டமைப்புகள் நிலைத்தன. ஓவர்கிரவுண்ட் சுற்றுப்பாதை 2012 டிசம்பரில் கிளாப்ஹாம் ஜங்ஷன் வழியே முழுமையடைந்தது. ஜாவலின் வண்டிகள் கென்ட் பகுதியின் அன்றாடப் பயணிகளுக்குத் தொடர்ந்து பயன்படுகின்றன. பாராலிம்பிக்குக்காகத் தொடங்கிய சாய்வுப் பலகைச் சேவை நிரந்தரமாக்கப்பட்டது. சத்தமற்ற இரவுச் சரக்கிறக்கமும் பின்னர் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டது. ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனலில் மட்டும், அதன் பெயருக்கு மாறாக, யூரோஸ்டார் தொடருந்துகள் நிற்பதில்லை.

பின்வந்த நகரங்கள் இலண்டனின் முறைகளில் சிலவற்றை ஏற்றன, சிலவற்றை விட்டன. 2016இல் ரியோ டி ஜெனீரோ தன் நான்காம் மெட்ரோ தடத்தைப் போட்டிகள் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது திறந்து, முதலில் ஒலிம்பிக் பார்வையாளர்களையும் பணியாளர்களையும் மட்டுமே அனுமதித்தது. 2024இல் பாரிஸ் நுழைவுச்சீட்டோடு பயணத்தைச் சேர்த்து வழங்கவில்லை. மாறாக, போட்டிக் காலத்தில் ஒற்றை மெட்ரோ பயணச்சீட்டின் விலை 2.15 யூரோவிலிருந்து 4 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதாந்திர, ஆண்டுப் பயண அட்டை வைத்திருந்த உள்ளூர்வாசிகளை இந்த உயர்வு பாதிக்கவில்லை. இலண்டன் பார்வையாளரின் பயணச் செலவை ஏற்றுக்கொண்டு, உள்ளூர்வாசியிடம் விட்டுக்கொடுக்குமாறு கேட்டது. பாரிஸ் கூடுதல் செலவைப் பார்வையாளரிடமே வாங்கியது. போட்டிக் காலக் கூடுதல் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இவ்விரு நகரங்களும் அளித்த விடைகள், அடுத்து வரும் நகரங்களின் திட்டமிடலில் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன.